விரல்களை அசைக்கும் தசை எங்கே இருக்கிறது?

கேள்வி: தசையால் எலும்பை இழுக்க மட்டுமே முடியும், தள்ள முடியாது என்று படித்தேன். அப்படியானால் மடக்கிய கையை எப்படி நீட்டுகிறோம்? மெலிந்த விரல்களுக்குள் இத்தனை வேலை செய்யும் தசைகள் எங்கே இருக்கின்றன?

பதில்: நீங்கள் படித்தது சரியே. எலும்புத் தசை சுருங்கும்போது தான் பற்றியிருக்கும் எலும்பை இழுக்கிறது. தளரும்போது அந்த இழுப்பு விட்டுப்போகிறதே தவிர, எலும்பைத் தள்ளித் திருப்பி அனுப்பும் ஆற்றல் அதற்கு இல்லை. ஆகவேதான் மூட்டுகளைச் சுற்றி, ஒன்றுக்கொன்று எதிராக இயங்கும் தசைகள் அமைந்திருக்கின்றன. மேற்கையின் முன்புறத்தில் உள்ள இருதலைத் தசை முன்கையின் ரேடியஸ் எலும்பை இழுத்து முழங்கையை மடக்குகிறது. பின்புறத்தில் உள்ள முத்தலைத் தசையோ முன்கையின் மற்றோர் எலும்பான அல்னாவின் மேல்முனையை, அதாவது கையை மடக்கும்போது பின்னால் துருத்தி நிற்கும் அந்த முனையை, இழுத்துக் கையை நீட்டுகிறது. ஆக, நீட்டுவதும் ஓர் இழுப்புதான். புகழ் முழுவதும் இருதலைத் தசைக்கே போய்ச் சேர்ந்தாலும், முழங்கையை மடக்கும் வேலையில் பெரும்பங்கு அதற்கு அடியில் மறைந்திருக்கும் பிரேக்கியாலிஸ் என்னும் தசைக்கு உரியது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

விரல்களைப் பற்றிய உங்கள் ஐயம் மிகவும் அருமையானது. விரல்களை மடக்கி நீட்டும் தசைகள் விரல்களுக்குள் இல்லவே இல்லை. அவற்றில் வலிமை மிக்கவை முன்கையிலும், நுட்பமான அசைவுகளுக்கு உரிய சிறியவை உள்ளங்கையிலும் இருக்கின்றன. ஒரு கையால் மறு கையின் முழங்கைக்குச் சற்றுக் கீழே பற்றிக்கொண்டு விரல்களை மடக்கி நீட்டிப் பாருங்கள். தோலுக்கு அடியில் தசைகள் புரள்வதை நீங்களே உணரலாம். அந்த இழுப்பு நீண்ட தசைநாண்கள் வழியாக மணிக்கட்டைக் கடந்து விரல் எலும்புகளைச் சென்றடைகிறது. மணிக்கட்டின் உட்புறத்தில் உள்ள குறுகிய பாதை வழியாக மட்டும், விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் செல்கின்றன. அங்கே வீக்கம் ஏற்பட்டு அந்த நரம்பு நெருக்கப்படும்போதுதான் கட்டைவிரலும் அதை அடுத்த விரல்களும் மரத்துப்போகின்றன. தசைகள் முழுவதும் விரல்களிலேயே திரண்டிருந்தால், ஊசியில் நூல் கோக்கும் அளவுக்கு அவை மெல்லியனவாக இருந்திருக்க முடியாது.

கேள்வி: தசைநாணும் மூட்டு இணைப்பு நாரும் ஒன்றா?

பதில்: இல்லை. தசைநாண் தசையை எலும்புடன் பிணைக்கிறது. குதிகாலுக்கு மேலே தடித்த கயிறாகத் தட்டுப்படுவது அதுவே. இணைப்பு நார் எலும்பை எலும்புடன் பிணைத்து, மூட்டு தன் எல்லையை மீறி விலகாமல் காக்கிறது. கால் பிசகும்போது பெரும்பாலும் காயப்படுவது கணுக்காலின் வெளிப்புறத்தில் உள்ள இணைப்பு நார்தான்.

கேள்வி: பிறக்கும்போது ஏறத்தாழ 300 எலும்புகள் உண்டு, வளர்ந்தபின் 206 மட்டுமே என்கிறார்களே, மற்றவை எங்கே போயின?

பதில்: எதுவும் மறைந்துவிடவில்லை, பல எலும்புகள் ஒன்றோடொன்று இணைந்து ஒன்றாகிவிட்டன. முதுகெலும்பின் அடிப்பகுதியில் தனித்தனியாக இருக்கும் 5 முள்ளெலும்புகள் சேர்ந்து திருவெலும்பு என்னும் ஒரே எலும்பாகின்றன. தொடை எலும்பு போன்ற நீண்ட எலும்புகளிலும் நடுத்தண்டுக்கும் முனைகளுக்கும் இடையே குருத்தெலும்பாலான வளர்தட்டுகள் இருக்கின்றன. எலும்பு நீள்வது அங்கேதான். வளர்ச்சி முடியும்போது இந்தத் தட்டுகளும் எலும்பாக மாறி, முனைகள் தண்டுடன் ஒன்றிவிடுகின்றன. குழந்தைகளின் எலும்பு முறிவு வளர்தட்டின் வழியாகச் சென்றிருந்தால் மருத்துவர்கள் கூடுதல் கவனம் செலுத்துவது இதனால்தான். அங்கே ஏற்படும் சேதம் எலும்பின் நீளத்தையும் நேரான வடிவத்தையும் பாதிக்கக்கூடும். இந்த இணைப்பு எல்லா எலும்புகளிலும் ஒரே நேரத்தில் முடிவதில்லை. கடைசியாக இணைவது மார்பெலும்பை ஒட்டியுள்ள காறை எலும்பின் உள்முனை, அதுவும் இருபது வயதைக் கடந்து சில ஆண்டுகளுக்குப் பிறகே.