தட்டைக் கூரையில் செடி: ரொறன்ரோ மாநகரசபை எவ்வளவு தரும், நாம் எவ்வளவு போடவேண்டும்?

கேள்வி: ஸ்காபரோவில் எங்களுக்கு இரண்டு மாடிக் கடைக்கட்டடம் ஒன்று இருக்கிறது. கீழே மூன்று கடைகள், மேலே அலுவலகங்கள். 1974இல் கட்டியது. தட்டைக் கூரை, சுமார் 380 சதுர மீற்றர், மேலே கூழாங்கல் போட்டிருக்கிறது. இந்தக் கோடையில் இரண்டு இடத்தில் ஒழுகியது. பார்க்க வந்தவர் முழுக்கூரையையும் மாற்றவேண்டும் என்கிறார். பசுமைக் கூரை போட்டால் சிற்றி காசு தரும் என்று மகள் சொல்கிறாள். அந்தக் காசிலேயே கூரையை மாற்றிவிடலாமா? — ஒரு வாசகி, ஸ்காபரோ

பதில்: மாற்ற முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் மகள் சொன்னதில் பிழை இல்லை. அப்படியொரு திட்டம் இருக்கிறது, உங்கள் கட்டடம் அதற்குப் பொருந்தவும் கூடும். எப்படியும் கூரையைக் கழற்றப்போகிறீர்கள் என்றால் அதைப் பற்றி யோசிக்க இதைவிட நல்ல நேரம் இன்னும் இருபது, இருபத்தைந்து வருடத்துக்கு வராது.

மகள் சொல்வது மாநகரசபையின் 'எக்கோ-ரூஃப்' ஊக்கத்திட்டம். 2009ஆம் ஆண்டில் தொடங்கியது. அந்த ஆண்டு மே மாதம் ரொறன்ரோ நகரசபை பசுமைக் கூரைச் சட்டத்தை நிறைவேற்றியது. 2,000 சதுர மீற்றருக்கு மேல் தளப்பரப்புள்ள புதுக் கட்டடங்கள், அளவைப் பொறுத்து, கூரையில் 20 முதல் 60 வீதம்வரை செடி வைக்கவேண்டும் என்று விதித்த சட்டம் அது. வட அமெரிக்காவில் இப்படிச் செய்த முதல் நகரம் ரொறன்ரோதான். அவ்வளவு இடத்துக்குச் செடி வைக்க முடியாத கட்டடக்காரர், குறையும் ஒவ்வொரு சதுர மீற்றருக்கும் 200 டொலர் கட்டி விலக்குப் பெற வழி வைத்தார்கள். அந்தக் காசு இந்த ஊக்கத்திட்டத்துக்குப் போனது. பெரிய கொண்டோ கட்டியவர் கட்டிய பணம் உங்கள் சின்னக் கூரைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருமானம் இப்படி என்பதால், கைக்கு வரும் தொகையும் விதிகளும் காலத்துக்குக் காலம் மாறும். கீழே நான் சொல்லும் விலைகளை வைத்துக் கணக்குப் போடுங்கள். கையெழுத்து வைக்கும் முன்னர் அன்றைய நிலவரத்தைத் திட்ட அலுவலகத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எடுத்து வையுங்கள்.

செடிக்கூரைக்குச் சதுர மீற்றருக்கு 100 டொலர். வெயிலைத் திருப்பி அடிக்கும் வெள்ளைக் கூரைக்கு, புது மெம்பிரேன் (கூரையில் தண்ணீர் இறங்காமல் தடுக்கும் விரிப்பு) போட்டால் 5 டொலர், பழையதன்மேல் பூசினால் 2 டொலர். கட்டடம் பாரம் தாங்குமா என்று பொறியியலாளரை வைத்துப் பார்ப்பதற்கு 1,000 டொலர்வரை தனியாகத் தருகிறார்கள். ஏற்கெனவே நிற்கும் கட்டடம் வீடோ கடையோ தொழிற்சாலையோ, எதுவானாலும் விண்ணப்பிக்கலாம்.

காசு கட்டடத்தைப் பார்த்துத்தான் வரும், சொந்தக்காரர் இருக்கும் இடத்தைப் பார்த்தல்ல. நீங்கள் பக்கத்து மார்க்கம் நகரில் குடியிருந்தாலும் கட்டடம் ஸ்காபரோவில் என்றால் சரி. மறுபக்கம், நகரின் வட எல்லையான ஸ்டீல்ஸ் அவெனியூவுக்கு வடக்கே இருக்கும் கடைக்கு ரொறன்ரோ ஒரு சதமும் தராது. ஏஜக்ஸ், பிராம்ப்ரன் வாசகர்களும் இதைக் கவனிக்கவேண்டும். வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் இதைக் கேட்கிறார்கள்.

இப்போது உங்கள் கணக்கு. 380 சதுர மீற்றர் முழுவதும் செடி வராது. ஏசி பெட்டிகள், அவற்றுக்குப் போகும் நடைபாதை, தண்ணீர் இறங்கும் துவாரங்கள், ஓரச்சுவரை ஒட்டிச் செடியில்லாமல் விடவேண்டிய கல்வரிசை எல்லாம் கழித்தால் 260 சதுர மீற்றர் மிஞ்சும் என்று வையுங்கள். மானியம் 26,000 டொலர். ஒப்பந்தகாரர் செடிக்கூரைக்குச் சதுர மீற்றருக்கு 240 டொலர் சொல்கிறார் என்றால் மொத்தம் 62,400. ஆக, 36,400 உங்கள் கைக்காசு. இதற்குள் ஒழுகும் கூரையை மாற்றும் செலவு இல்லை. அடியில் போடும் புது மெம்பிரேனும் அதன் கீழே இன்சுலேஷனும் தனி பில்.

ஆனால் இந்தக் கணக்கெல்லாம் இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி பாரம்.

ரொறன்ரோவில் தட்டைக் கூரை ஒன்றைக் கட்டும்போது குளிர்காலப் பனிக்கு என்று சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 110 முதல் 140 கிலோவரை இடம் விட்டுக் கணிப்பார்கள். இடத்துக்கிடம் கொஞ்சம் மாறும். பத்து சென்ரிமீற்றர் ஆழ மண் போட்ட செடிக்கூரை, தண்ணீர் குடித்து நிறைந்து நிற்கும்போது, சதுர மீற்றருக்கு 120 முதல் 150 கிலோ. அதாவது இன்னொரு குளிர்காலப் பனியை நிரந்தரமாகக் கூரையில் ஏற்றி வைப்பது போல. பனி அதற்கு மேலும் விழும். "போன பெப்ரவரியில் இவ்வளவு பனி நின்றதே, ஒன்றும் ஆகவில்லையே" என்று ஒரு ஒப்பந்தகாரர் சொன்னால், அவரை அனுப்பிவிட்டு வேறு ஆளைப் பாருங்கள்.

1974இல் கட்டிய கடைக்கட்டடம் என்றால் கூரைக்குக் கீழே பெரும்பாலும் ஸ்டீல் ஜொயிஸ்ற் இருக்கும். நடுவில் கம்பி நெளிநெளியாக ஓடும் மெல்லிய உத்தரம். அந்தக் காலத்தில் இரும்பை அளந்துதான் போட்டார்கள், மிச்சம் விடவில்லை. உங்களுக்கு ஒரு நல்ல செய்தி இருக்கக்கூடும்: அந்தக் கூழாங்கல். ஏறிப்போய் ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். தாரில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் அதன் எடை சதுர மீற்றருக்கு 20 கிலோ அளவில்தான். கைநிறையத் தளர்வாக வந்தால், மெம்பிரேன் பறக்காமல் இருக்கப் பரப்பிய கல்; அது 50 கிலோவும் அதற்கு மேலும் இருக்கும். கூரையை மாற்றும்போது அந்தக் கல் வெளியே போகிறது. அந்த இடத்தில் ஐந்தாறு சென்ரிமீற்றர் மெல்லிய செடிப்பாய் விரித்தால் கூடுதல் பாரம் பெரிதாக வராது. ஆனால் அவ்வளவு மெல்லிய பாய்க்கு முழு மானியம் கிடைக்குமா என்பதை விண்ணப்பத்துக்கு முன்னரே திட்ட அலுவலகத்திடம் கேட்டு வையுங்கள்.

பக்கத்தில் உங்கள் கட்டடத்தைவிட உயரமான கட்டடம் பின்னாளில் எழும்பியிருந்தால் அதையும் பொறியியலாளரிடம் சொல்லுங்கள். உயரச் சுவரின் அடியில் பனி குவியும். அந்த ஓரத்தில் மண் போட இடமே இராது.

ஜொயிஸ்ற்களைப் பலப்படுத்தவேண்டும் என்று அறிக்கை வந்தால் என் ஆலோசனை: செடிக்கூரையை விட்டுவிடுங்கள். கீழே கடைகளின் சீலிங்கைப் பிரிக்கவேண்டும், வாடகைக்காரர் வாரக்கணக்கில் கதவைச் சாத்தவேண்டும், 26,000 டொலர் அதிலேயே கரைந்துவிடும். வெள்ளை மெம்பிரேன் போட்டு, 380 சதுர மீற்றருக்கு 1,900 டொலர் வாங்கிக்கொள்ளுங்கள். சின்னக் காசுதான், ஆனால் எப்படியும் போடப்போகும் மெம்பிரேனுக்கு நிறத்தை மட்டும் மாற்றக் கிடைக்கும் காசு.

தாங்கும் என்று வந்தால், அடுத்து ஒழுங்கு முக்கியம். மானியம் வேலை முடிந்த பின்னர் வரும் காசோலை. அதுவரை ஒப்பந்தகாரருக்கு நீங்கள்தான் கொடுக்கவேண்டும்; அதற்கு வங்கிக் கடனா, கையிருப்பா என்று இப்போதே தீர்மானியுங்கள். விண்ணப்பத்துக்குச் சம்மதம் எழுத்தில் வரும்வரை பழைய கூரையில் ஒரு ஆணியும் பிடுங்கவேண்டாம். கட்டட அனுமதி தனி. இந்தச் சம்மதம் அதற்குப் பதிலாகாது. வரி விஷயத்தில், கிடைக்கும் மானியத்தைக் கூரையின் செலவிலிருந்து கழித்துத்தான் தேய்மானம் எடுக்கலாம். உங்கள் மேல்மாடியில் கணக்காளர் யாராவது வாடகைக்கு இருந்தால் ஒரு தேநீரோடு கேட்டுவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் நான் முதலில் தேடும் வரி ஒன்று இருக்கிறது. நாலு வருடம் கழித்து எங்கோ ஒழுகுகிறது. மெம்பிரேன்காரர் வருவார், உத்தரவாதம் இருக்கிறது என்பார், "மேலே இருக்கும் மண்ணை எடுத்துத் தாருங்கள், நான் ஒட்டித் தருகிறேன்" என்பார். அந்த மண்ணை அள்ளவும் திருப்பிப் போடவும் ஆகும் காசு ஒட்டுப்போடும் செலவைவிடப் பல மடங்கு. அது யார் தலையில் என்று எழுதியிருக்கவேண்டும். கூடுமானால் மெம்பிரேனும் செடியும் ஒரே ஆளின் பொறுப்பில் ஒரே உத்தரவாதத்தில் வரட்டும். மண் போடுவதற்கு முன்னர், மின்சாரத்தை வைத்து மெம்பிரேனில் நீர் கசியும் இடத்தைக் கண்டுபிடிக்கும் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். மண் போட்ட பிறகு ஓட்டையைத் தேடுவது வைக்கோல்போரில் ஊசி தேடுவதுதான்.

செடி பற்றி எல்லோரும் கேட்பது: கத்தரி, வெண்டி போடலாமா? பத்து சென்ரிமீற்றரில் வராது. காய்கறிக்கு முப்பது சென்ரிமீற்றராவது மண் வேண்டும், பாரம் மூன்று மடங்காகும். இங்கே போடுவது சீடம் என்கிற தடித்த இலைச் செடி. வெயிலில் கிடந்து காயும், பனியில் புதையும், மீண்டும் எழும்பும். ஜூனில் மஞ்சளாகப் பூக்கும், ஒக்டோபரில் செம்பு நிறத்துக்குப் போகும். எப்படி இருக்கும் என்று பார்க்க விருப்பமென்றால் நகரமண்டபத்துக்குப் போங்கள். நேதன் பிலிப்ஸ் சதுக்கத்துக்கு மேலே, 2010இல் திறந்த கூரைத்தோட்டம் இருக்கிறது.

இதனால் உங்களுக்கு என்ன லாபம் என்றும் நேராகச் சொல்கிறேன். கோடையில் மேல்மாடி வெக்கை குறையும். குளிர்காலச் சூடாக்கலில் பெரிய மிச்சத்தை எதிர்பார்க்கவேண்டாம். அதற்கு மெம்பிரேனுக்குக் கீழே இன்சுலேஷனைத் தடிப்பாகப் போடுவதே வழி. மெம்பிரேனுக்கு வெயில் படாததால் ஆயுள் கூடும். மழைநீர்தான் மாநகரசபைக்கு வேண்டிய விஷயம். சாதாரணத் தூறலையும் நடுத்தர மழையையும் மண் உள்ளே வைத்துக்கொள்ளும். 2013 ஜூலை 8இல் பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் கொட்டியது, 2024 ஜூலை 16இல் சுமார் 98. டொன் வலி பார்க்வே இரண்டு முறையும் ஆறாகியது. அப்படிப்பட்ட மழையை உங்கள் கூரை கொஞ்சம் தாமதப்படுத்தும், நிறுத்தாது. ஆயிரம் கூரைகள் தாமதப்படுத்தினால் சாக்கடைக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும் என்பதுதான் சிற்றியின் கணக்கு. அந்த ஆயிரத்தில் ஒன்றாக இருப்பதற்கு 36,400 டொலர் தரலாமா என்பது உங்கள் முடிவு.

பராமரிப்பில் சிக்கனம் பார்க்காதீர்கள். சில வருடங்களுக்கு முன்னர் ஒரு கூரையைப் பார்க்கப் போனேன். போட்டு மூன்றாவது வருடம், ஒருவரும் ஏறிப் பார்க்கவில்லை. சீடத்துக்கு நடுவே முழங்கால் உயரத்துக்கு மேப்பிள் கன்றுகள். துவாரத்தின் மூடியைத் தூக்கினேன், வேர் பின்னலாகக் கூடவே வந்தது, சணல் சாக்கைக் கிழித்தது போல. கால் வைத்த இடமெல்லாம் சளக் சளக் என்றது. கூரை தேங்காய் போலத் தண்ணீரை உள்ளே பிடித்து வைத்திருந்தது. அந்தப் பாரத்தைத்தான் யாரும் கணிக்கவில்லை. முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீரும் களையும், அதன்பின் வருடத்துக்கு இரண்டு முறை துவாரம் பார்ப்பதும் ஒப்பந்தத்திலேயே எழுதப்படவேண்டும்.

உங்களுக்கு இப்போது அவசரம் ஒழுக்கு. அந்த இரண்டு இடத்தையும் இந்த மாதமே தற்காலிகமாக ஒட்டுப்போட்டு மூடுங்கள். பிறகு மாநகரசபையின் கட்டடப் பிரிவில் உங்கள் முகவரிக்கான பழைய வரைபடங்களைக் கேட்டு விண்ணப்பியுங்கள். 1974 வரைபடம் கிடைத்தால் பொறியியலாளர் சீலிங்கைக் கிழித்து ஜொயிஸ்ற் அளக்கவேண்டிய வேலை குறையும், அவருடைய பில்லும் குறையும். குளிர்காலத்தில் அறிக்கையும் விண்ணப்பமும். பனி உருகி, ஏப்ரல் கடைசியில் கூரையைப் பிரித்தால் மே மாதம் செடி வைக்கலாம். ஒக்டோபர் நடுப்பகுதிக்குப் பிறகு யாராவது சீடம் வைத்துத் தருகிறேன் என்றால், வேர் பிடிக்காது, வாங்கவேண்டாம்.