பிரித்தானியாவின் சிறிய ஊர்களில் வெள்ளைக்காரர் எங்களை எப்படிப் பார்க்கிறார்கள்? குடும்பத்தோடு போய் இருக்கலாமா?

லண்டனுக்கு வெளியே ஒரு சிறிய ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, அங்குள்ள சனம் எப்படி, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆஸ்பத்திரியில் நேர்ஸ் வேலையாகத்தான் இருக்க வேண்டும். வயோதிபரைப் பராமரிக்கும் வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை 2025 ஜூலையோடு நிறுத்திவிட்டார்கள், அதற்கு விசா எடுத்துத் தருகிறேன் என்று யாராவது இன்னும் உங்களிடம் காசு கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். சரி, எந்த வேலையாக இருந்தாலும் என் பதில் ஒன்றுதான். உங்களை நன்றாக நடத்துவார்கள். அதே ஆட்கள் உங்களைப் போன்றவர்கள் வரக்கூடாது என்று வாக்கும் போடுவார்கள். இதில் ஒன்று நடிப்பு என்று நினைத்துக்கொண்டு வந்தால் ஒரு நாளும் நிம்மதியாக இருக்க மாட்டீர்கள்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், லிங்கன்ஷயரில் பொஸ்டன் என்ற ஊரில் 2009 முதல் கடை வைத்திருக்கிறேன். பால், பேப்பர், சிகரெட், பியர், லொத்தர் என்று ஒரு மூலைக்கடை. 2016 இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதற்கு நாடு முழுவதும் 51.9 வீதம் பேர் வாக்களித்தார்கள், இந்த ஊரில் 75.6 வீதம். நாட்டிலேயே அதுதான் மிக அதிகம். 2024 தேர்தலில் இந்தத் தொகுதி, குடிவரவை எதிர்க்கிற ரிஃபோர்ம் கட்சியின் ரிச்சர்ட் டைஸைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. ஆகவே நீங்கள் பயப்படுகிற ஊர் எதுவோ, அந்த ஊரில் இருந்துதான் எழுதுகிறேன்.

இந்தச் சனத்தின் கோபம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஊரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையான தோட்ட நிலம். கோவா, கோலிஃபிளவர், லீக்ஸ். அதை வெட்டவும் பொதி கட்டவும் ஆள் வேண்டும். 2004 மே மாதம் போலந்து, லித்துவேனியா, லாற்வியா எல்லாம் ஒன்றியத்தில் சேர்ந்தபோது பிரித்தானியாவும் அயர்லாந்தும் சுவீடனும் மட்டும்தான் கதவை முழுதாகத் திறந்துவிட்டன. வருடத்துக்கு 5,000 முதல் 13,000 பேர் வரைதான் வருவார்கள் என்று அரசாங்கத்துக்குக் கணக்குச் சொல்லியிருந்தார்கள். வந்தது அதைப் போலப் பல மடங்கு, அதில் ஒரு பங்கு இப்படியான சின்ன ஊர்களுக்கும் வந்தது. ஆட்கள் கூடினார்கள், டொக்டர்மார் கூடவில்லை. மூன்று அறை வீட்டில் பத்துப் பேரை அடைத்து வாடகை வாங்கினவன் உள்ளூர்க்காரன், கணக்கில் காட்டாமல் கையில் காசு கொடுத்து வெட்ட வைத்தவனும் உள்ளூர் முதலாளி, ஆனால் ஏச்சு வாங்கியது வந்த பெடியன்கள்.

இதை வாசித்துவிட்டு 'வெள்ளைக்காரனுக்கு வக்காலத்து வாங்குகிறான்' என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்கிறேன். கடைக் கண்ணாடியை இரண்டு தரம் உடைத்திருக்கிறார்கள். 'உன் நாட்டுக்குப் போ' என்பதைக் குடிவெறியிலும் கேட்டிருக்கிறேன், வெறி இல்லாமலும் கேட்டிருக்கிறேன். அறுபதுகளில் படிக்க வந்த என் பெரியப்பா வாடகை அறை தேடிப் போன இடங்களில் கறுப்பருக்கு இடமில்லை என்று யன்னலில் எழுதி வைத்திருந்ததை வாசித்தவர். இனப் பாகுபாட்டைத் தடுக்கும் 1968 சட்டத்துக்குப் பிறகு அப்படி எழுத முடியாமல் போனது, நினைப்பு போனதா என்பது வேறு கதை. இனவாதம் இல்லை என்று நான் சொல்லவரவில்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

2016 ஜூன் 24, வெள்ளிக்கிழமை காலை. முடிவு வந்துவிட்டது. ஏழு மணிக்கு ஒவ்வொரு நாளும் வருகிற அம்மா ஒருவர் பேப்பரையும் அரை லீற்றர் பாலையும் மேசையில் வைத்தார். என் மகள் பிறந்தபோது மஞ்சள் நூலில் தொப்பி பின்னிக் கொண்டுவந்து தந்தவர், அந்தத் தொப்பி இன்னும் எங்கள் அலுமாரியில் இருக்கிறது. அன்றைக்கு முகமெல்லாம் சிரிப்பு. 'வென்றுவிட்டோம், டக்' என்றார். இந்தப் பக்கத்தில் எல்லாரையும் டக் என்றுதான் கூப்பிடுவார்கள், வாத்து என்று செல்லமாக. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, கையை எட்டி என் மணிக்கட்டைத் தட்டி, 'உன்னைச் சொல்லவில்லை, டக். நீ எங்கட ஆள்' என்றார்.

நான் சிரித்தேன். மிச்சக் காசைக் கொடுத்தேன்.

அந்த 'உன்னைச் சொல்லவில்லை' என்ற சொல்லை இங்கே வந்தால் நீங்களும் நூறு தரம் கேட்பீர்கள். முதலில் பெருமையாகக்கூட இருக்கும். எனக்கு இருந்தது. வெட்கமாக இருந்தாலும் எழுதுகிறேன், லித்துவேனியப் பெடியன்கள் கடைக்கு வெளியே கான் பியரோடு குந்தியிருந்தபோது நானும் அந்தக் கிழவர்களோடு சேர்ந்து 'இவர்கள் சரியில்லை' என்று தலையை ஆட்டியவன்தான். பிரான்ஸிலிருந்து சின்னப் படகில் கடல் தாண்டி வருகிறவர்களைப் பற்றி அவர்கள் ஏசும்போதும் ஆட்டியிருக்கிறேன். ஆட்டுவதற்கு எனக்கு என்ன தகுதி என்பதைத்தான் இந்த ஊரில் ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

நான் 2000 மார்ச்சில் இந்த நாட்டுக்கு வந்தது ஒரு லொறியின் பின்பக்கத்தில். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு, அங்கிருந்து மொஸ்கோ, பிறகு ஏஜென்சிக்காரன் கைமாற்றிக் கைமாற்றி எட்டு மாதம். கடைசி இரவு பதினொரு பேர், மேலே தார்ப்பாய், சுற்றிவரப் பெட்டிகள். நான் வந்து மூன்று மாதத்தில் டோவரில் தக்காளி லொறி ஒன்றுக்குள் 58 சீனர்கள் மூச்சுத் திணறி இறந்து கிடந்தார்கள். லண்டன் ஈஸ்ட்ஹாமில் ஏழு பேர் இருந்த அறையில் ரிவியில் அதைப் பார்த்தபோது ஒருவரும் ஒன்றும் கதைக்கவில்லை, சோறு அப்படியே கிடந்தது.

மகள் ஒன்பது வயதில் பள்ளிக்கூடத்தோடு இங்குள்ள கில்ட்ஹோல் என்ற பழைய மண்டபத்தைப் பார்க்கப் போய்வந்து ஒரு கதை சொன்னாள். 1607 இல் மதத்துக்காக இந்த நாட்டை விட்டு ஒல்லாந்துக்கு ஓடப் பார்த்த கூட்டம் ஒன்று ஒரு கப்பலை இரகசியமாகப் பேசி எடுத்ததாம். 'கப்பல்காரன் காசை வாங்கிவிட்டு அவர்களைக் காட்டிக் கொடுத்துவிட்டான் அப்பா, பிடித்துக்கொண்டு வந்து இங்கேதான் அடைத்து வைத்தார்கள், நான் அந்தக் கூட்டுக்குள் நின்று பார்த்தேன்' என்றாள். அவர்களில் சிலர்தான் பிறகு அமெரிக்காவுக்குப் போனார்கள், ஊருக்கே அதில் பெருமை, ஆஸ்பத்திரிக்குக்கூட பில்கிரிம் என்றுதான் பெயர். எனக்கு அவள் சொன்ன மற்றது ஒன்றும் காதில் விழவில்லை, காசை வாங்கிவிட்டு என்றது மட்டும் விழுந்தது.

இடையில் ஒன்று, கேள்விக்குச் சம்பந்தம் இல்லை, ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. நான் கணக்கு வைத்திருந்த வங்கி இங்குள்ள கிளையை மூடிவிட்டது. பதினொரு வருடம் ஒரு நாள் தவறாமல் காசு கட்டிய எனக்கு ஒரு கடிதம், அதில் கைபேசிச் செயலியைப் பாவியுங்கள் என்று ஆலோசனை. சில்லறைக் காசை எப்படிக் கைபேசிக்குள் போடுவது? இப்போது கடையை மனைவியிடம் விட்டுவிட்டுத் தபால்கந்தோர் வரிசையில் முக்கால் மணித்தியாலம் நிற்கிறேன். எனக்கு முன்னும் பின்னும் எண்பது வயதுச் சனம். வங்கியும் போய் பஸ்ஸும் குறைந்து பல் டொக்டரும் கிடைக்காமல் போனால் கோபம் வராதா? மூடினவனின் முகம் அவர்களுக்குத் தெரியாது. தெருவில் தெரிவது எங்கள் முகம்.

விஷயத்துக்கு வருகிறேன். 2024 ஜூலை 29, சவுத்போர்ட்டில் நடன வகுப்பில் மூன்று சின்னப் பெண்பிள்ளைகளை ஒருவன் குத்திக் கொன்றான். படகில் வந்த அகதி என்று பொய்ச் செய்தி பரவியது, அவன் கார்டிஃபில் பிறந்தவன். அதற்குள் பள்ளிவாசல் மீது கல், ரொதராமில் அகதிகள் இருந்த ஹொட்டலுக்கு நெருப்பு, மிடில்ஸ்பரோவில் காரை மறித்து 'நீ வெள்ளையா' என்று கேட்டார்கள். ஓகஸ்ட் 7 அன்று எந்தெந்த ஊரில் அடிக்கப் போகிறார்கள் என்று ஒரு பட்டியல் போனில் சுற்றியது. லண்டன் ஹரோவில் இருக்கும் மச்சான் ஐந்து தரம் போன் எடுத்துவிட்டான். நாலு மணிக்கே கடையைப் பூட்டத் தொடங்கினேன்.

ஷட்டர் பாதியில் இறுகிவிட்டது. அப்போதுதான் எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், ஓய்வுபெற்ற லொறி ஓட்டி, புகையிலை வாங்க வந்தார். கேட்காமலே ஒரு பக்கத்தைப் பிடித்து இழுத்தார், இரண்டு பேருமாக இறக்கினோம். மூச்சு வாங்கிக்கொண்டு, 'கொளுத்துவது பிழை. ஆனால் இந்தப் படகுகளை நிறுத்தத்தானே வேண்டும்' என்றார். பிறகு வழக்கம் போல, 'உன்னைச் சொல்லவில்லை, டக்.'

ஏன் அன்றைக்கு வாய் திறந்தது என்று தெரியாது. 'என்னைத்தான் சொல்கிறீர்கள்' என்றேன். 'நான் அப்படித்தான் வந்தேன். படகு இல்லை, லொறி.'

அவர் என்னைப் பார்த்தார், பூட்டிய ஷட்டரைப் பார்த்தார். 'அது வேறு' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். புகையிலைகூட வாங்கவில்லை. வீட்டில் மனைவி, இருபத்துநாலு வருடம் சொல்லாததை இன்றைக்கா சொல்ல வேண்டும் என்று அழுதாள். ஊரில் அன்று ஒன்றும் நடக்கவில்லை. இரவு முழுக்க நான் படியில் இருந்து ஷட்டர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டு கிழமை அவர் வரவில்லை. பிறகு ஒரு காலை வந்து, கடையில் வேறு ஆள் இல்லை என்று பார்த்துவிட்டுக் கேட்டார். எந்தத் துறைமுகம்? கலே என்றேன். எத்தனை பேர்? பதினொன்று. தார்ப்பாயை வெட்டினீர்களா, கதவாலா? மேலே வெட்டித்தான் இறக்கினார்கள், உள்ளே போனதும் வெளியே இருந்து ஒட்டிவிட்டார்கள் என்றேன். தலையை ஆட்டினார், அந்த வேலை தெரிந்த ஆள் ஆட்டுவது போல. பிறகு தன் கதையைச் சொன்னார். 2001 இல் டோவரில் அவருடைய லொறியில் மூன்று பேரைப் பிடித்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் ஒளித்து வந்த ஆள் ஒருவருக்கு ஓட்டிக்கு 2,000 பவுண் அபராதம். ஆறாயிரம், தனக்கு நாலு மாதச் சம்பளம் என்றார். அவர்கள் ஏறியதே தனக்குத் தெரியாது, நித்திரையாக இருந்தேன் என்றார். கடைசியில் கம்பனி கட்டியது, ஆனால் அடுத்த வருடமே இவரை நிறுத்திவிட்டார்கள்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. என்னைக் கொண்டுவந்த லொறியை ஓட்டியவருக்கும் தெரிந்திருக்காது, அவரைப் பற்றி நான் ஒரு நாளும் யோசித்ததில்லை என்று அதையே சொன்னேன். புகையிலையை எடுத்து வைத்தேன். அவர் காசை எண்ணி வைத்தார், சரியாக, சில்லறையோடு.

இப்போதும் ஒவ்வொரு நாளும் வருகிறார். படகுகளை நிறுத்த வேண்டும் என்றுதான் இன்னும் சொல்கிறார், அடுத்த தேர்தலிலும் அதே கட்சிக்குத்தான் போடுவார் என்று நினைக்கிறேன். 'உன்னைச் சொல்லவில்லை' என்பதை மட்டும் விட்டுவிட்டார்.

நீங்கள் வாருங்கள். வருவதற்கு முன் விசாக் காசோடு சுகாதாரக் கட்டணத்தையும் கணக்குப் பாருங்கள், வளர்ந்தவர் ஒருவருக்கு வருடத்துக்கு 1,035 பவுண், பிள்ளைக்கு 776, வேலையைப் பொறுத்து அது இல்லாமலும் போகலாம், சுகாதார வேலை விசாவா என்று வடிவாகக் கேளுங்கள். எந்த ஊர் என்று கீழே எழுதினால் பள்ளிக்கூடம் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.