பதில்: பெயின்ட் அடிச்சும் ஒன்பது கொழு கலப்பையில துரு வருது

அண்ணே, அப்பா காலத்து டிராக்டர் கலப்பைக்கு போன வருசம்தான் பெயின்ட் அடிச்சேன், அதுக்குள்ள பொரிபொரியா உரியுதுன்னு கேட்டிருக்கீங்க. துருவுக்கு மேலயே அடிச்சா எந்த பெயின்டும் நிக்காது, அதுவும் உரம், சாணி உப்பு ஒட்டியிருந்தா உள்ளுக்குள்ளயே அரிச்சிக்கிட்டே இருக்கும், அதனால முதல்ல சோப்புத்தண்ணி விட்டு நல்லா கழுவி வெயில்ல காய வைங்க.

அப்புறம் கிரைண்டர்ல கம்பி பிரஷ் மாட்டி தேய்ங்க, மூலையில எல்லாம் 80 நம்பர் உப்புத்தாள். கண்ணாடி, மாஸ்க் கட்டாயம் போடுங்கண்ணே, பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கலாம், கம்பியும் தெறிக்கும். சீக்கிரம் வேலை முடியட்டும்னு ஆசிட் ஊத்திடாதீங்க, ஸ்பிரிங் உள்ள கலப்பைன்னா கண்டிப்பா வேண்டாம், ஆசிட் பட்ட ஸ்பிரிங் வலு போய் பாரத்துல உடைஞ்சிடும்.

தேய்ச்ச அன்னைக்கே தின்னர் வச்சு துடைச்சு ரெட் ஆக்சைடு பிரைமர் (துரு பிடிக்காம இருக்க முதல்ல அடிக்கிற அடிப்பூச்சு) அடிச்சிடுங்க, ஒரு ராத்திரி பனி பட்டாலே திரும்ப துரு பூக்கும். அது நல்லா காஞ்சதும் எனாமல் மெல்லிசா ரெண்டு கோட்டு.

மண்ணைக் கிழிக்கிற கொழுவுக்கு மட்டும் பெயின்ட் வேஸ்ட், மண்ணு ஒரே உழவுல தேய்ச்சிடும். உழுது முடிச்சு கழுவி கழிவு ஆயிலோ கிரீஸோ தடவி வச்சா போதும். உங்க கலப்பை ஸ்பிரிங் டைப்பா, ஸ்பிரிங் இல்லாத ரிஜிடா?