அடிக்கடி வேலை மாறினால் சம்பளமும் வளர்ச்சியும் கூடுமா?

கேள்வி: மூன்று வருடமாக ஒரே ஐடி கம்பெனியில் இருக்கிறேன். என்னோடு சேர்ந்தவர்கள் இரண்டு தடவை மாறி, என்னைப்போல இரண்டு மடங்கு வாங்குகிறார்கள். நானும் அடிக்கடி மாற வேண்டுமா?

சம்பளத்தை மட்டும் கேட்டால், ஆமாம், கூடும். வளர்ச்சியையும் சேர்த்துக் கேட்கிறீர்கள் என்றால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சென்னை ஓஎம்ஆரில் பல வருடமாக மென்பொருள் வேலையில் இருக்கிறேன். ஆள் எடுக்கும் இன்டர்வியூக்களிலும் உட்காருகிறேன். அங்கே பார்த்ததை வைத்து எழுதுகிறேன்.

வெளியிலிருந்து வருகிறவருக்கு மட்டும் ஏன் அள்ளிக் கொடுக்கிறார்கள் என்று பலருக்கும் வயிற்றெரிச்சல். உங்கள் மேனேஜருக்கு மனசு இல்லாமல் அல்ல. வருடாந்திர இன்கிரிமென்ட்டுக்கு என்று ஒரு அணிக்கு ஒரு தொகைதான் வரும். அதில் உங்களுக்குக் கூட்டினால் பக்கத்தில் இருப்பவருக்குக் குறைக்க வேண்டும். புது ஆளுக்கான பணம் வேறு கணக்கிலிருந்து வருகிறது. சர்வீஸ் கம்பெனிகளில் ஆள் கணக்கில்தான் பெரும்பாலும் கிளையன்ட்டுக்கு பில் போடுகிறார்கள். ஒரு இடம் இரண்டு மாதம் காலியாகக் கிடந்தால் அந்த பில்லிங் போச்சு. அதனால் முப்பது, நாற்பது சதவீதம் கூட்டிக் கொடுத்தாவது ஆளை உட்கார வைக்கப் பார்ப்பார்கள். நீங்கள் எவ்வளவு விசுவாசமாக இருந்தீர்கள் என்பது இந்த இரண்டு கணக்கிலுமே வராது. எனவே மாறுவதற்குக் குற்ற உணர்ச்சியே வேண்டாம்.

ஆனால் சந்தை எப்போதும் ஒரே மாதிரி இருக்காது. 2022 ஜூனோடு முடிந்த ஒரு வருடத்தில் இன்ஃபோசிஸில் வேலையை விட்டுப் போனவர்களின் விகிதம் 28.4 சதவீதம். அப்போது நோட்டீஸ் பீரியடில் இருந்துகொண்டே ஒரு ஆஃபரைக் காட்டி இன்னொன்றை ஏற்றிக்கொண்டே போனார்கள். 2023 கடைசியில் அதே கம்பெனியில் அது 12.9 ஆக இறங்கிவிட்டது. அந்த அலையில் அனுபவத்துக்கு மீறிச் சம்பளம் ஏற்றிக்கொண்ட சிலர், அப்புறம் பிராஜெக்ட் முடிந்து பெஞ்சில், அதாவது அடுத்த பிராஜெக்ட் இல்லாமல், உட்கார்ந்தபோது ரொம்பத் திண்டாடியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அந்தச் சம்பளத்துக்கு ஏற்ற பொறுப்பை அவர்களிடம் கொடுக்க யாரும் துணியவில்லை.

ஒரு இன்டர்வியூவைச் சொல்கிறேன். வந்த தம்பிக்கு நாலரை வருட அனுபவம், மூன்று கம்பெனி. கெட்டிக்காரன், கோடு எழுதச் சொன்னால் மளமளவென்று எழுதினான். ஒரு ஷாப்பிங் தளத்தின் பேமென்ட் பகுதியைப் பிரித்துத் தனி சர்வீஸாக எழுதியதாக ரெஸ்யூமில் இருந்தது. "தீபாவளி விற்பனைக் கூட்டத்தை அது தாங்கியதா?" என்று கேட்டேன். "தெரியல சார், அதுக்குள்ள பேப்பர் போட்டுட்டேன்" என்றான். அடுத்த கம்பெனியில் டேட்டாபேஸ் மாற்றிய கதையைக் கேட்டேன். அதிலும் லைவ் போவதற்கு முன்பே கிளம்பியிருந்தான். தான் எடுத்த ஒரு முடிவு ஆறு மாதம் கழித்து என்ன ஆனது என்று அவன் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு ஃபோன் வந்து, தான் எழுதியதைத் தானே திருத்துகிறபோது வருகிற அறிவு எந்தக் கோர்ஸிலும் கிடைக்காது. சீனியர் வேலைக்கு நாங்கள் தேடுவது அதைத்தான். அவனை எடுக்க முடியாமல் போனதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அதற்காக எட்டு வருடம் ஒரே ஸ்கிரீனைப் பராமரித்துக்கொண்டு ஒரே இடத்தில் இருப்பவர் பிழைத்துவிடுவார் என்று இல்லை. அவருக்கும் இன்டர்வியூவில் அதே கதிதான்.

கூட இருந்தவர்கள் இரண்டு மடங்கு வாங்குகிறார்கள் என்றீர்கள். அவர்கள் சொல்வது சிடிசியா (கம்பெனி ஒருவருக்காக வருடத்துக்குப் போடும் மொத்தச் செலவு), கைக்கு வருவதா? பத்து லட்சம் என்றால் மாதம் 83,000 என்று மனசு வகுத்துவிடும். அடிப்படைச் சம்பளம் பாதி, ஐந்து லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி கட்டும் பிஎஃப் 60,000, கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) ஒதுக்கும் 24,000, வேரியபிள் பே (செயல்திறனைப் பார்த்துக் கொடுப்பது) ஒரு லட்சம், எல்லாம் அந்தப் பத்துக்குள்ளேயே அடக்கம். உங்கள் பங்கு பிஎஃப் இன்னொரு 60,000 போனால், மாதம் கைக்கு வருவது கிட்டத்தட்ட 63,000. இதே கணக்கை உங்கள் இப்போதைய சம்பளத்துக்கும் போட்டுவிட்டு ஒப்பிடுங்கள்.

அந்தக் கிராஜுவிட்டி நிரந்தர ஊழியர்களுக்கு ஐந்து வருடம் முடிந்தால்தான் கைக்கு வரும். ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று உண்டு. ஆனால் எல்லா கம்பெனியும் அதைத் தானாக ஏற்றுக்கொள்வதில்லை. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாறுகிறவர் சிடிசியில் வருடாவருடம் இந்தத் தொகையைப் பார்ப்பார், வாங்கவே மாட்டார்.

பிஎஃப் பணத்தை மாறும்போதெல்லாம் எடுத்துச் செலவழிக்காதீர்கள். அதே யுஏஎன்னில் (கம்பெனி மாறினாலும் மாறாத உங்கள் பிஎஃப் எண்) புதுக் கம்பெனிக்கு மாற்றிவிட்டால் சர்வீஸ் தொடரும். பென்ஷனுக்குப் பத்து வருட சர்வீஸ் வேண்டும். பழைய கம்பெனியில் வாங்கிய சம்பள விவரத்தைப் புது இடத்தில் கொடுக்காவிட்டால் இரண்டு கம்பெனியும் தனித்தனியாக வரிக் கழிவு கொடுத்துவிடுவார்கள், ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது மொத்தமாக வரி கட்ட வேண்டி வரும். அப்பா அம்மாவுக்குக் கம்பெனி இன்ஷூரன்ஸை நம்பியிருந்தால், பொதுவாகக் கடைசி வேலை நாளோடு அது முடிந்துவிடும். இடையில் பத்து நாள் ஓய்வெடுக்க நினைப்பவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் அந்தக் கம்பெனியில் 80 நாளாவது வேலை செய்திருந்தால்தான் சட்டப்படி சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு.

சரி, உங்கள் விஷயம். மூன்று வருடம் ஆகிவிட்டது, தாராளமாக மாறலாம். முதல் ஏழெட்டு வருடத்தில் இரண்டு தடவை மாறினால் யாரும் புருவத்தை உயர்த்தப் போவதில்லை. ஆனால் அடுத்த இடத்தில் ஒரு வேலையை முதலிலிருந்து கட்டி, அது ஓடி, உடைந்து, சரியாகும் வரை இருங்கள். கையில் ஆஃபர் லெட்டர் வராமல் பேப்பர் போடாதீர்கள். ஜாயினிங் போனஸ் கொடுத்தால் எத்தனை மாதத்துக்குள் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டும் என்று படித்துப் பாருங்கள். அப்புறம், இன்டர்வியூ முடிவில் "ஏதாவது கேட்கணுமா?" என்பார்களே, அப்போது இந்த இடம் ஏன் காலியானது, முன்னால் இருந்தவர் எத்தனை நாள் இருந்தார் என்று கேளுங்கள். அதற்கு மழுப்பினால் அடுத்த ஆஃபருக்குக் காத்திருக்கலாம்.