நகச்சொத்தைக்காகத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 29. குழந்தைக்கு ஐந்து மாதம், தாய்ப்பால் மட்டும்தான் தருகிறேன். இடது கால் பெருவிரல் நகம் மஞ்சளாகித் தடித்து, ஓரத்தில் மாவு மாதிரி உதிர்கிறது. திருமணத்துக்கு முன் இதற்கு டெர்பினாஃபின் மாத்திரை சாப்பிட்டேன். இப்போதும் சாப்பிடலாமா? பாலை நிறுத்திவிட்டு மாத்திரை போடு என்கிறார் மாமியார்.

பதில்: பாலை நிறுத்தாதீர்கள் அம்மா. கால் நகத்தில் வரும் பூஞ்சை அவசரமான நோய் இல்லை. தள்ளிப்போட வேண்டியது மாத்திரையைத்தான். டெர்பினாஃபின் தாய்ப்பாலில் சிறிதளவு கலக்கும். கால் நகத்துக்கு அதைத் தினமும் 250 மில்லிகிராம் வீதம் 12 வாரம் சாப்பிட வேண்டும். ஒரு நகத்துக்காகக் குழந்தையின் உடம்பிலும் அவ்வளவு நாள் அந்த மருந்து சேர வேண்டுமா? இட்ராகொனசோல் என்ற இன்னொரு பூஞ்சை மாத்திரையும் இப்போது வேண்டாம்.

முதலில் அது பூஞ்சைதானா என்று பாருங்கள். செருப்பு அழுத்தினாலும், சொரியாசிஸ் என்ற தோல் நோய் இருந்தாலும் நகம் இப்படித்தான் ஆகும். நகத்தை வெட்டி, அடியில் இருக்கும் தூளைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் தெரிந்துவிடும். பழைய மருந்து எதையும் அதற்கு முன் பூச வேண்டாம்.

பூஞ்சைதான் என்றால், அமோரால்ஃபின் 5 சதவீத நகப்பூச்சை வாரம் ஒருமுறை பூசலாம். நகம் வழியாக அது ரத்தத்தில் சேருவது மிக மிகக் குறைவு. பெட்டிக்குள் இருக்கும் தாளில் பாலூட்டும் தாய்மார்களுக்கு எச்சரிக்கை இருக்கலாம், பயப்பட வேண்டாம். அவர்களிடம் போதிய ஆய்வு நடக்காததால் அப்படி எழுதுகிறார்கள். ஆனாலும் உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்குங்கள்.

பூசும் விதத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். தடித்த நகத்தின் மேல்பகுதியை அரத்தால் நன்றாகத் தேய்த்து மெலிதாக்குங்கள். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு மெல்லிசாகப் பூசி, சில நிமிடம் காயவிடுங்கள். குழந்தை தூங்கும்போது செய்தால் வசதி. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு குழந்தையைத் தூக்குங்கள். அந்த அரத்தை வேறு நகத்துக்குத் தொடாதீர்கள், குழந்தையின் நகவெட்டியும் தனியாக இருக்கட்டும்.

கால் பெருவிரல் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும். புது நகம் முழுதாக வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். 'ரெண்டு மாசம் பூசினேன், ஒன்றும் ஆகவில்லை' என்று விட்டுவிடக் கூடாது. அடியிலிருந்து தெளிவான நகம் வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு வேண்டவே வேண்டாம். அது பூஞ்சையை வளர்த்துவிடும்.

இன்னொன்று: கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்ததா? இருந்து, பிரசவத்துக்குப் பின் பரிசோதிக்கவில்லை என்றால் இந்த வாரமே பாருங்கள். சர்க்கரை இருப்பவர்களுக்கு நகச்சொத்தை எளிதில் வரும், பாதத்தில் புண்ணும் வரும். நகத்தைச் சுற்றிச் சிவந்து வீங்கினாலோ, சீழ் வைத்தாலோ காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். பூச்சு போதவில்லை என்றால், குழந்தை பால்குடி மறந்த பிறகு கல்லீரல் பரிசோதனை செய்துகொண்டு மாத்திரையைத் தொடங்கலாம்.