பட்டறை இருந்த மனையில் மண் மாதிரி எடுப்பது எப்படி?

கேள்வி: சேலம் மாமாங்கம் அருகே நாங்கள் வாங்கியுள்ள மனையில் முன்பு நிக்கல், குரோமிய முலாம் பூசும் பட்டறை இயங்கி வந்தது. வீடு கட்டுமுன் மண்ணைப் பரிசோதிக்க விரும்புகிறோம். போர் போடும்போது வெளிவரும் மண்ணையே ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதாதா? மூலையில் மூடிக் கிடக்கும் பழைய கழிவுத் தொட்டியைத் திறந்து பார்க்கலாமா?
- வாசகர், மாமாங்கம்

பதில்: போதாது. திருச்செங்கோட்டிலிருந்து வரும் ரிக் வண்டி, அழுத்தக் காற்றால் சுத்தியலை இயக்கிப் பாறையைப் பொடித்து, அந்தப் பொடியை அதே காற்றால் மேலே ஊதித் தள்ளுவதால், துளையோரம் குவியும் மண் எந்த ஆழத்துக்கு உரியது என்று யாராலும் உறுதியாகக் கூற இயலாது. மேல்மண்ணில் நச்சு தங்கியிருந்தால், பாறை வெடிப்புகளில் உள்ள நிலத்தடி நீருக்கு அதைக் கொண்டு சேர்க்கும் வழியாகவும் அந்தத் துளையே ஆகிவிடக்கூடும். ஆகவே மண் பரிசோதனையின் முடிவு வந்த பிறகே போர் போடுவதைப் பற்றி யோசியுங்கள்.

முலாம்தொட்டிகள் நின்ற இடம், கழிவுநீர் ஓடிய வாய்க்கால், அது போய்த் தேங்கிய பள்ளம் ஆகியவற்றை அக்கம்பக்கத்தாரிடம் விசாரித்து, அங்கெல்லாம் கையால் திருகி இறக்கும் ஆகர் என்ற மண் துளைப்பான் கொண்டு மண் எடுக்கலாம். அதற்கு முன் மின்வாரியப் புதைவடமும் குடிநீர்க் குழாயும் எங்கே செல்கின்றன என்பதைக் கேட்டறிந்துகொள்ளுங்கள். ஐயம் இருந்தால் முதல் நான்கடி வரை கடப்பாரையால் ஓங்கிக் குத்தாமல் சிறுகச் சிறுகத் தோண்டுவதே நல்லது.

வயலில் மண் எடுத்த பழக்கம் உள்ளவர்கள் பல இடத்து மண்ணை ஒன்றாகக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர் இரு பங்கை ஒதுக்கிக் குறைத்து, நிழலில் உலர்த்தி அரைக் கிலோ அனுப்புவார்கள். உர அளவை அறிய அது சரியான முறை. இங்கோ, நச்சு குவிந்த ஓரிடத்து மண்ணை நல்ல மண்ணோடு கலந்தால் அளவு குறைந்து காட்டும். ஒவ்வோர் இடத்தையும் ஒவ்வோர் ஆழத்தையும் தனித்தனிப் புட்டியில் அடைத்து, இடம், ஆழம், தேதி, நேரம் எழுதி, உலர்த்தாமல் பனிக்கட்டிப் பெட்டியில் ஏறத்தாழ 4 டிகிரி செல்சியஸில் வைத்து அனுப்ப வேண்டும். துருப்பிடிக்காத எஃகிலேயே குரோமியமும் நிக்கலும் உண்டு என்பதால், கருவி உரசிய வெளிப்புறத்தைத் தவிர்த்து, உள்மண்ணைப் பிளாஸ்டிக் கரண்டியால் எடுங்கள். ஒரு துளையிலிருந்து அடுத்ததற்குப் போகுமுன் ஆகரைச் சோப்புக் கரைசலில் தேய்த்து, காய்ச்சி வடித்த நீரால் அலச வேண்டும்.

தங்கள் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. மாமாங்கம், கருப்பூர்ப் பக்கம் வெள்ளைக்கல் கிடைக்கும் டூனைட் வகைப் பாறையில் குரோமியமும் நிக்கலும் இயற்கையிலேயே மிகுதி. பட்டறையே இல்லாத நிலத்திலும் மொத்தக் குரோமியம் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதால், அந்த ஒரே எண்ணைப் பார்த்து அஞ்சவும் வேண்டாம், ‘இந்த ஊர் மண்ணே இப்படித்தான்’ என்று அசட்டையாக விடவும் வேண்டாம். பட்டறைக் கழிவு எட்டாத, அதே வகை மண் உள்ள அருகிலுள்ள ஓரிடத்திலிருந்து ஒப்பீட்டு மாதிரி எடுங்கள். குரோமியத்தின் நச்சு வடிவமான ஹெக்ஸாவேலன்ட் குரோமியத்தைத் தனியே அளக்கும்படி என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்திடம் எழுத்து மூலம் கேளுங்கள். இதற்குச் சற்றுக் கூடுதல் கட்டணம் ஆகலாம். ஆனால் இந்த மண்ணில் மொத்தக் குரோமியம் மட்டும் அச்சிட்ட அறிக்கையால் பயன் குறைவு.

ஹெக்ஸாவேலன்ட் குரோமியத் தூசியை நீண்ட காலம் சுவாசிப்பது புற்றுநோய்க்குக் காரணமாகலாம். என்95 முகக்கவசமும், மாதிரிக்கு ஒரு புதிய நைட்ரைல் கையுறையும் அணியுங்கள். வெளிவரும் மண்ணைத் தார்ப்பாயில் கொட்டுங்கள். குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். வேலை முடிந்ததும் துளையை, நீர் பட்டால் உப்பி அடைத்துக்கொள்ளும் பென்டோனைட் களிமண்ணால் இறுக மூடிவிடுங்கள்.

தொட்டியைத் தாங்களாகத் திறக்கவே கூடாது. முலாம் வேலையில் சயனைடு உப்பும் அமிலமும் புழங்குவதுண்டு. கசடில் இரண்டும் கலந்தால் எழும் ஹைட்ரஜன் சயனைடு வாயு, குனிந்து பார்ப்பவரையே நிமிடங்களில் சாய்த்துவிடும். தண்ணீர் ஊற்றிக் கழுவவும் வேண்டாம். மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவித்துவிட்டு, அவர்கள் வந்து பார்க்கும் வரை அந்த மூலையைச் சுற்றி வேலி கட்டி வையுங்கள்.