ஆளில்லாத சதுப்பு

அன்புள்ள அக்கா,

போன மாதம் பொலிவியாவில் இருந்தேன். முதுகுப்பையோடு தனியாகப் போன பயணம். ருரெனபாக்கே என்ற சிற்றூரிலிருந்து ஜீப்பில் புழுதி குடித்தபடி சாந்தா ரோசா, அங்கிருந்து யாகுமா ஆற்றில் மூன்று நாள் படகு. முதலைகள், கப்பிபாராக்கள், இளஞ்சிவப்பு ஓங்கில்கள். மனிதர் எவரும் இல்லாத, கைபடாத பூமி! கடைசி நாள் வழிகாட்டி சதுப்புக்குள் இறங்கி ஓர் அனகொண்டாவைப் பிடித்துவந்தார். எல்லோரும் அதைக் கழுத்தில் போட்டுப் படம் எடுத்தோம், நானும்தான். அன்றிரவு நித்திரை வரவில்லை. நான் செய்தது பிழையா? இதைப் பயணக் கட்டுரையாக எழுத ஆசை. எப்படித் தொடங்குவது?

ஒரு வாசகர், வெள்ளவத்தை

அன்புள்ள தம்பி,

பிழைதான். நித்திரை வராமல் போனது உம்மிடம் நல்ல மனம் இருப்பதைக் காட்டுகிறது. ஆனால் பழியை அந்த வழிகாட்டியின் தலையில் போடவேண்டாம். பாம்பைப் பிடித்துக் காட்டினால்தான் கையில் நாலு காசு கூட விழும் என்று அவருக்குப் பழக்கிவிட்டவர்கள் உமக்கு முன்னால் முதுகுப்பையோடு வந்துபோனவர்கள். நீர் ‘வேண்டாம் அண்ணா, விடுங்கோ’ என்று சைகையிலாவது சொல்லியிருக்கலாம். கட்டுரையை எப்படித் தொடங்குவது என்பது பெரிய விஷயமே இல்லை. எங்கேயும் தொடங்கலாம்.

என்னைத் தைத்தது இன்னொரு வரி. மனிதர் எவரும் இல்லாத, கைபடாத பூமி என்று எழுதி, ஓர் ஆச்சரியக்குறியும் போட்டிருக்கிறீர். எங்கள் ஒழுங்கை முடிவில் இருக்கிற சதுப்பில் இப்போது டிப்பர் டிப்பராக மண் கொட்டுகிறார்கள். ‘சும்மா கிடக்கிற இடம்தானே’ என்கிறார் கொட்டுகிறவர். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உமது கடிதத்தை வாசித்தேன்.

யாகுமா ஓடுகிற அந்த நிலத்துக்கு மோஹோஸ் சமவெளி என்று பெயர். அதன் மூன்று பகுதிகளை 2013இல் ராம்சார் ஈரநிலங்களாக, அதாவது ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையின் பட்டியலில் சேர்த்து, அறிவித்தார்கள். மூன்றும் சேர்ந்து 69 இலட்சம் ஹெக்டேர், எங்கள் இலங்கை முழுவதையும் விடப் பெரிது. ஆறு மாதம் வெள்ளம், ஆறு மாதம் வறட்சி. இப்படியான இடத்தில் யார் வாழ முடியும் என்றுதானே நினைத்தீர்? 10,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே பூசணி இனமும் மரவள்ளியும் பயிரிட்டிருக்கிறார்கள். நாங்கள் கட்டைச் சம்பலோடு சாப்பிடுகிற அதே மரவள்ளி. பிறகு வந்தவர்கள் வெள்ள மட்டத்துக்கு மேலே வரம்புபோல மண்ணை உயர்த்தி வயல் செய்தார்கள். வாய்க்கால் வெட்டினார்கள், கரைப்பாதை போட்டார்கள், வெள்ளம் வடியும்போது மீன் சிக்குவதற்கு மண்ணாலேயே தடுப்புக் கட்டினார்கள். காடு மூடிய மேடுகளை வானிலிருந்து லேசர் பாய்ச்சி அளந்து 2022இல் வெளியிட்ட ஆய்வில், கி.பி. 500க்கும் 1400க்கும் இடையில் அங்கே நகரங்களே இருந்தது தெரியவந்தது. 20 மீற்றருக்கு மேல் உயர்ந்த மண் கூம்புகள்! நீர் படகிலிருந்து பார்த்தது தலைமுறை தலைமுறையாக மனிதர் கைபட்ட பூமி, தம்பி. இன்றைக்கும் அது மாட்டுப்பண்ணைகள் நிறைந்த நாடுதான். உமது வழிகாட்டி எங்கே பிறந்து வளர்ந்தவர் என்று நினைத்தீர்?

சரி, கொழும்புக்கு வருவோம். 14ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியின் படையைத் தடுக்க, கம்பளை அரசின் அமைச்சர் அழகக்கோனார் கோட்டை கட்டிய இடம்தான் இன்றைய கோட்டே. சுற்றிவரச் சதுப்பு இருந்ததால்தான் அந்த இடத்தைத் தெரிவுசெய்தார். நிலத்தை வாசிக்கத் தெரிந்த மனிதர். அதே கோட்டேயில் 2010 நவம்பரில் ஒரு இரவு மழைக்குப் பாராளுமன்றத்துக்குள் தண்ணீர் போனது.

நான் வளர்ந்தது கொலன்னாவைப் பக்கம். எங்கள் வீட்டுக்குக் கங்குன் கீரை கொண்டுவருகிற ஒரு அம்மா இருந்தார். சதுப்போரத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று அறுத்து, கட்டுக் கட்டாகக் கூடையில் அடுக்கி வருவார். காலில் அட்டை கடித்த தழும்புகள். களனி கங்கை ஏறினால் வாய்க்கால் தண்ணீர் ஆற்றில் இறங்க முடியாமல் திரும்பிச் சதுப்புக்குள் வரும். அவர் அதை எங்கள் எல்லோருக்கும் முன்னால் அறிந்துகொள்வார். ‘தண்ணி மறுபக்கம் ஓடுது, அரிசி மூட்டையை மேலே வையுங்கோ’ என்று என் தாயாரிடம் சொல்லிவிட்டுப் போவார். வானொலி சொல்வதற்கு முதல் நாளே சொல்வார். கூடையைத் தூக்கிவிடும்போது என் கன்னத்தைக் கிள்ளுவார், அந்த விரல்களில் எப்போதும் சேற்று மணம்.

இந்த மனிதர்கள் இருந்த நிலத்தைத்தான் நகரம் ஆளில்லாத இடம் என்று முடிவுகட்டித் தன் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டியது. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு. கொலன்னாவைப் பக்கத்து மீதொட்டமுல்லையில் அந்தக் குப்பை மலை சரிந்து வீடுகளை மூடியது, 30 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அடுத்த வருடம், 2018இல், கொழும்புக்கு ராம்சார் ஈரநில நகரம் என்ற பட்டம் கிடைத்தது. எங்கள் சதுப்புகளில் மீன்பிடிப் பூனை வாழ்கிறது, அந்தப் பட்டத்துக்கு நாங்கள் தகுதியானவர்கள்தான். பூனைக்காகச் சந்தோசப்படுகிறேன். ஆனால் ஈரநிலம் என்றவுடன் பறவையையும் மிருகத்தையும் மட்டும் படம் பிடித்துவிட்டு, அங்கே கீரை அறுக்கிறவரையும் மண்வீட்டுக்காரரையும் படத்தின் சட்டகத்துக்கு வெளியே தள்ளிவிடுகிற பார்வை எனக்குக் கோபம் மூட்டுகிறது. ஆளே இல்லை என்று எழுதிவைத்தால், நாளைக்கு அங்கே யாரும் டிப்பரோடு வரலாம். பத்துப் பேர்ச் பத்துப் பேர்ச்சாகக் கூறுபோட்டு விற்கலாம். கேட்க ஆள் இல்லை என்று ஏற்கனவே நீர் எழுதிக் கொடுத்துவிட்டீர் அல்லவா?

ஓங்கில்களைப் பற்றி உருக்கமாக ஒரு பக்கம் எழுதியிருந்தீர். நீளம் கருதி வெட்டிவிட்டேன், மன்னியும். அதில் எழுத்து இருக்கிறது. அந்தக் கண்ணைக் கொஞ்சம் படகோட்டுகிறவர் பக்கமும் திருப்பும். மூன்று நாள் உமக்குச் சோறு போட்டு, முதலை கிடக்கிற ஆற்றில் பத்திரமாகக் கொண்டுபோய்க் கொண்டுவந்தவர். அவர் பெயர்கூட உமது கடிதத்தில் இல்லை.

வட்ஸ்அப்பில் அவருடைய இலக்கம் இருக்கும்தானே. ஸ்பானிய மொழி தெரியாவிட்டால் போன் மொழிபெயர்த்துத் தரும். 2014இல் அந்தப் பக்கம் பெருவெள்ளம் வந்தபோது அவருடைய ஆட்கள் மாடுகளை எந்த மேட்டில் ஏற்றினார்கள், அந்த மேட்டை ஆர் கட்டினார்கள் என்று வீட்டில் சொல்லிக்கொள்வார்கள், ஆற்றில் தண்ணீர் ஏறப்போவதை எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பார்கள் என்று கேளும். பதில் வந்ததும் கட்டுரையை எழுதி எனக்கு அனுப்பும்.

அன்புடன்,
அக்கா